கம்பெனி வக்கீல் யாருக்கு வக்கீல்?

கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நாம முதலில் தேடுவது சம்பளம் எவ்வளவு என்று. அடுத்தது, எந்த ஊரில் போஸ்டிங் என்று. அதோடு சேர்ந்து வரும் எட்டுப் பத்துப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன், இங்கே நான் கண்டுபிடிப்பது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம், இத்தனை மாத நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட மாட்டேன் என்று வரிசையாக இருக்கும். கடைசிப் பக்கத்துக்குப் போய் கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடுவோம்.

அந்தப் பக்கங்களை எழுதினவர் அதே கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறார். இன்‑ஹவுஸ் கவுன்சல், அதாவது கம்பெனியின் சொந்த வக்கீல். அந்தத் துறையின் தலைவருக்கு ஜெனரல் கவுன்சல் என்று பெயர்.

எஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இவரைப் பற்றி எதுக்குத் தெரியணும்? இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன ஸ்பிரிங் பதில் சொல்லும். அதுக்கு முன்னாடி, இவர் என்னதான் வேலை பார்க்கிறார் என்று பார்த்துவிடுவோம்.

கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்

வக்கீல் என்றதும் கறுப்பு கோட்டும் நீதிமன்றமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நம் நாட்டில் கம்பெனி வக்கீல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாதாட முடியாது. ஒரு வழக்கறிஞர் மாதச் சம்பளத்துக்கு முழுநேர வேலையில் இருந்துகொண்டே தொழில் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49‑வது விதி. வேலையில் சேர்ந்தால் பிராக்டிஸை நிறுத்தி வைக்க வேண்டும்.

அப்போ அங்கே என்ன வேலை? ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துவது, பேட்டன்ட், லைசென்ஸ், தொழிலாளர் சட்டம், வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்பு, இன்னொரு கம்பெனியை வாங்கும்போது அதன் கணக்கு வழக்கைத் துருவிப் பார்ப்பது என்று பட்டியல் நீளும். கம்பெனி மேல் வழக்கு வந்தால் வெளியில் இருக்கும் வக்கீலை அமர்த்தி, அவருக்குத் தேவையானதை எடுத்துக் கொடுத்து, வழக்கை நடத்துவதா, பணம் கொடுத்து சமரசம் பண்ணுவதா என்று முடிவெடுக்க உதவுவதும் இவர்தான்.

ஒரு உதாரணம். நீங்க எழுதுகிற ப்ராடக்டில் ஜி.பி.எல். லைசென்ஸ் உள்ள ஒரு லைப்ரரியை இழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று வச்சுக்கோங்க. கோடு அருமையாக ஓடும். ஆனால் அந்த ப்ராடக்டை வெளியே கொடுக்கும்போது, அதோடு பிணைந்த உங்க கம்பெனியின் சோர்ஸ் கோடையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். இதை ரிலீஸுக்கு முன்னாடி கேட்பவர் கம்பெனி வக்கீல். ரிலீஸுக்கு அப்புறம் கேட்பவர் எதிர்க்கட்சி வக்கீல். ரெண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றல்ல.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கம்பெனி வக்கீல்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது. பெரிய சட்ட நிறுவனங்களில் மேலே வர முடியாதவர்கள் போய்ச் சேரும் இடம் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பென் ஹைன்மன். ஜாக் வெல்ச் தலைமையில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்கு 1987‑ல் ஜெனரல் கவுன்சலாக வந்தவர். வெளியே நல்ல பெயரில் இருந்த மூத்த வக்கீல்களைக் கம்பெனிக்குள்ளே கொண்டுவந்தார். அவர் பிறகு எழுதியதில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வரும்: கம்பெனி வக்கீல் ஒரே நேரத்தில் வியாபாரத்தில் கூட்டாளி, கம்பெனியின் நேர்மைக்குக் காவல்காரர். சட்டப்படி சரியா என்பது அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. செய்வது சரியா என்பது கடைசிக் கேள்வி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கூட்டாளியாக இருப்பவருக்குக் காவல்காரராக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய, ஸ்பிரிங் கதைக்கு வருவோம்.

ஒரு ஸ்பிரிங், ஒரு பார்ட் நம்பர்

ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில் இக்னிஷன் ஸ்விட்ச் ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் அது நிலையாக நிற்க ஒரு குறிப்பிட்ட டார்க் வேண்டும். அந்த ஸ்விட்ச் அந்த அளவுக்குக் கீழே இருந்தது. தெரிந்தே 2002‑ல் ஒப்புதல் கொடுக்கப்பட்டது. முழங்கால் இடித்தாலோ, சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ ஓடுகிற வண்டியில் சாவி ‘ரன்’ நிலையிலிருந்து ‘ஆக்சசரி’ நிலைக்குத் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும். ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கிற பவர் உதவி போய்விடும்.

புகார்கள் வந்தன. கம்பெனி அதை வாடிக்கையாளர் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று வகைப்படுத்தியது. பாதுகாப்புப் பிரச்சினை என்று எழுதியிருந்தால் செலவைப் பார்க்காமல் சரி பண்ணியிருக்க வேண்டும். வசதி என்று எழுதியதால் செலவு பார்த்தார்கள். சாவிக்கொத்தில் கனமான பொருளை மாட்டாதீர்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும்படி 2005‑ல் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. அத்தோடு சரி.

இதில் எல்லாரும் விட்டது ஒன்று உண்டு. சாவி ‘ஆக்சசரி’க்குப் போனால் அந்தக் கார்களில் ஏர்பேக் விரியாது. அது டிசைனிலேயே இருக்கிறது. ஸ்விட்ச் டீமுக்கு வண்டி நிற்பது தெரியும். விபத்து வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு ஏர்பேக் விரியாதது தெரியும். ரெண்டையும் ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. விஸ்கான்சின் மாநில போலீஸ்காரர் ஒருவர் 2007‑லேயே ஒரு விபத்தை ஆராய்ந்து இந்த ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். அந்த அறிக்கை ஜி.எம். கோப்பிலேயே இருந்தது. படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை.

2006‑ல் டிசைன் எஞ்சினியர் ஸ்விட்சின் உள்பாகத்தை மாற்ற ஒப்புதல் கொடுத்தார். புது ஸ்பிரிங் கெட்டியாகப் பிடித்தது. ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை! இதன் விளைவை மெக்கானிக்கல் மாணவர்களுக்கு விளக்க வேண்டாம். பிறகு ஆராய்ந்தவர்களுக்கு, ஒரு வருஷத்துக்கு முந்தின வண்டிகளில் மட்டும் ஏர்பேக் விரியாமல் போவது ஏன் என்றே புரியவில்லை. பேப்பரில் ரெண்டு ஸ்விட்சும் ஒன்றுதான்.

உண்மை எங்கே வெளிவந்தது தெரியுமா? கம்பெனி லேபில் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் 2010‑ல் கோபால்ட் விபத்தில் இறந்த ஒரு இளம்பெண்ணின் பெற்றோர் வழக்கு போட்டார்கள். அவர்கள் தரப்பு எஞ்சினியர், பழைய ஸ்விட்சையும் அதே நம்பரில் கடையில் வாங்கிய ஸ்விட்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே ரெண்டும் வேறு. 2013 ஏப்ரலில் டிசைன் எஞ்சினியரிடம் வாக்குமூலம் வாங்கியபோது அது அவர் முன்னாலேயே வைக்கப்பட்டது. கார்களைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது 2014 பிப்ரவரியில். நடுவில் 10 மாதம்.

வக்கீல்கள் எங்கே இருந்தார்கள்?

அந்தக் கம்பெனியில் வழக்கைப் பணம் கொடுத்து முடிக்க ஒரு ஏற்பாடு இருந்தது. சின்னத் தொகைகளைக் கீழ்மட்டக் குழுவே முடிக்கலாம். 50 லட்சம் டாலருக்கு மேல் போனால்தான் ஜெனரல் கவுன்சலிடம் போகும். நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. எல்லா வழக்கையும் தலைவர் பார்க்க முடியாது. ஆனால் அந்த வடிகட்டி அளந்தது பணத்தை மட்டும். எத்தனை பேர் ஒரே மாதிரி இறந்தார்கள் என்பதை அது அளக்கவில்லை.

கோபால்ட் வழக்குகள் ஒவ்வொன்றாகக் கீழேயே முடிந்தன. வெளியில் இருந்து அமர்த்தின வக்கீல்கள் 2010 முதலே, இந்த வழக்குகள் நீதிமன்றம் போனால் தண்டனையாகப் பெரிய நஷ்டஈடு விதிக்கப்படலாம் என்று எச்சரித்தார்கள். கம்பெனி வக்கீல்கள் கேட்டுக்கொண்டதால் 2011‑ல் எஞ்சினியர்கள் விசாரணை தொடங்கினார்கள். அது இழுத்துக்கொண்டே போனது. ஜெனரல் கவுன்சல் மைக்கேல் மில்லிகின், தனக்கே இந்த விஷயம் 2014 பிப்ரவரியில்தான் தெரியும் என்று அமெரிக்க செனட் குழு முன்னால் சொன்னார். தன் துறைக்குள் இருந்த தகவல் தன் மேஜைக்கு வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வாலுகாஸ் விசாரித்து 2014 ஜூனில் 300 பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் வரும் ஒரு விஷயம் நம்மை யோசிக்க வைக்கும். முக்கியமான பாதுகாப்புக் கூட்டங்களில் சிலர் குறிப்பே எடுக்கவில்லை. ஏன்? வக்கீல்களுக்கு அது பிடிக்காது என்று நினைத்தார்களாம். அப்படி ஒரு வக்கீல் உத்தரவு போட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. யாரோ சொன்னதாக ஒரு பேச்சு. எல்லாரும் அதன்படி நடந்தார்கள். 2008‑ல் நடந்த ஒரு பயிற்சியில், ரிப்போர்ட்டில் எந்தெந்த வார்த்தையைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலே கொடுக்கப்பட்டது. ‘குறைபாடு’ என்ற வார்த்தையும் அதில் உண்டு. குறைபாட்டைக் குறைபாடு என்று எழுதாவிட்டால் அதை யார் தேடிக் கண்டுபிடிப்பது?

முடிவில் 15 பேர் வேலை இழந்தார்கள். அதில் வக்கீல்களும் உண்டு. முதல் சில வாரங்களிலேயே திரும்ப அழைக்கப்பட்டவை சுமார் 26 லட்சம் கார்கள். கம்பெனி அமைத்த நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. குற்ற வழக்கை நிறுத்தி வைக்க 2015‑ல் அரசுக்குக் கட்டியது 90 கோடி டாலர். ஆரம்பத்திலேயே சரி பண்ண ஒரு காருக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே செலவு வந்திருக்கும்.

அப்போ தலைமை என்றால் என்ன?

சட்டம் நிறைய தெரிந்தவர் ஜெனரல் கவுன்சல் என்று நினைப்போம். ஜி.எம்.மில் சட்ட அறிவுக்குப் பஞ்சமே இல்லை. இல்லாமல் போனது, கெட்ட செய்தி மேலே ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு.

கம்பெனியில் கெட்ட செய்தி எல்லாம் ஒரு கட்டத்தில் வந்து விழும் இடம் சட்டத்துறை. விபத்து, புகார், ராஜினாமா, திருட்டு என்று எதுவானாலும் ஒரு நாள் வக்கீல் நோட்டீஸாக அங்கே வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கேஸ். சேர்த்துப் பார்த்தால் அது டேட்டா. சேர்த்துப் பார்ப்பதும், பார்த்ததை எம்.டி. முகத்துக்கு நேராகச் சொல்வதும்தான் அங்கே தலைமை.

மில்லிகின் பிறகு செய்த மாற்றமே இதற்குச் சாட்சி. உயிரிழப்போ பலத்த காயமோ உள்ள எந்த வழக்கும், தொகை எவ்வளவாக இருந்தாலும், முடிக்கும் முன் தன்னிடம் வர வேண்டும் என்றார். அதில் எஞ்சினியரிங் பிரச்சினை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார். வடிகட்டியின் அளவுகோல் மாறியது.

சட்டமும் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கிறது. என்ரான் ஊழலுக்குப் பிறகு அமெரிக்கா 2002‑ல் கொண்டுவந்த சார்பேன்ஸ்‑ஆக்ஸ்லி சட்டத்தின் 307‑வது பிரிவுப்படி, பங்குச்சந்தை விதிகள் பெரிய அளவில் மீறப்படுவதற்கு ஆதாரம் கண்ட வக்கீல் சட்டத்துறைத் தலைவரிடமோ தலைமை அதிகாரியிடமோ சொல்ல வேண்டும். அவர்கள் சரியாக எதுவும் செய்யாவிட்டால் இயக்குநர் குழு வரை போக வேண்டும். காரணம் எளிது: அவருடைய கட்சிக்காரர் கம்பெனி. எம்.டி. அல்ல.

உங்களுக்கும் அவர் வக்கீல் அல்ல

இது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி. ஏதாவது தப்பு நடந்து கம்பெனி வக்கீல் உங்களைக் கூப்பிட்டு அன்பாக விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்க சொல்வது ரகசியமாக இருக்குமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981‑ல் அப்ஜான் வழக்கில், இப்படி ஊழியர்கள் கம்பெனி வக்கீலிடம் சொன்னதை அரசு கேட்டுப் பெற முடியாது என்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி நினைத்தால் அதை விட்டுக்கொடுத்து, நீங்க சொன்னதை அரசிடம் கொடுத்துவிடலாம். அதனால்தான் அங்கே விசாரணை ஆரம்பிக்கும்போதே, ‘நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல’ என்று சொல்லிவிடுவது வழக்கம்.

எல்லா நாட்டிலும் அந்த அளவு பாதுகாப்புகூடக் கிடையாது. அக்ஸோ நோபல் வழக்கில் 2010‑ல் ஐரோப்பிய நீதிமன்றம், சம்பளம் வாங்கும் வக்கீல் போதுமான அளவு சுதந்திரமானவர் அல்ல என்று சொல்லி, ஐரோப்பிய ஆணையத்தின் வணிகப் போட்டி விசாரணைகளில் அதை மறுத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2025 அக்டோபரில், வழக்கறிஞருக்கு உள்ள முழு ரகசியப் பாதுகாப்பு கம்பெனி வக்கீலுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

வேலைக்குப் போகும் நமக்கு

பயப்படச் சொல்லவில்லை. சில பழக்கங்கள் மட்டும்.

ஒன்று, பாகம் மாறினால் நம்பரை மாற்றுங்கள். கோடு மாறினால் கமிட் மெசேஜில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அந்த வரியை ஒருநாள் ஒரு வக்கீல் படிப்பார்.

ரெண்டு, வக்கீலுக்குப் பிடிக்காது என்று நீங்களே முடிவு பண்ணி எழுதாமல் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள். ஊகத்தை ஊகம் என்றும், அளந்ததை அளந்தது என்றும் பிரித்து எழுதினால் போதும்.

மூணு, அவரிடம் சீக்கிரம் போங்கள். டிசைன் ரிவ்யூ நேரத்தில் அவர் கூட்டாளி. விபத்து நடந்த பிறகு அவரால் முடிந்தது குறைவு.

நாலு, உங்களை விசாரித்தால், ‘சார், நீங்க இப்போ யாருக்கு வக்கீல்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வக்கீல் கோபப்பட மாட்டார். பதில் சொல்வார். பதிலைக் கேட்ட பிறகும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தனக்கென்று ஒரு வக்கீல் வேண்டுமா என்று அப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. இது மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். ஜி.எம்.மில் எஞ்சினியரும் அப்படித்தான் இருந்தார், வக்கீலும் அப்படித்தான் இருந்தார். மேலே இருந்தவருக்குத் தெரியவே இல்லை.