பெயரிலேயே இருக்கு முகவரி!

‘இம்பாலா’ என்றதும் ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்குச் செவர்லே கம்பெனியின் கார்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது ஆப்பிரிக்கப் புல்வெளியில் தாவி ஓடும் ஒரு மானின் பெயர். ஜூலு மொழி தந்த சொல். அங்கே குடியேறிய டச்சுக்காரர்களோ, தாங்கள் கண்ட ஒரு பெரிய மானுக்கு ‘ஈலாண்ட்’ என்று ஐரோப்பாவில் வாழும் வேறொரு மானின் பெயரையே வைத்துவிட்டார்கள்! அந்தப் பெயரை வைத்து அந்த மிருகம் எங்கே வாழும், எப்படி இருக்கும் என்று ஒன்றும் சொல்ல முடியாது.

நம்ம ஊருக்கு வருவோம். எங்க அனகாபுத்தூர்க்காரர்கள் பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறினால், ஐந்தாவது ஸ்டேஷன் கிண்டி. அங்குள்ள தேசியப் பூங்காவில் இதே கூட்டத்து மான் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிளாக்பக்’. வளர்ந்த ஆண் மட்டுமே கறுப்பு. பெண்ணும் குட்டியும் பழுப்பு.

அதென்ன ‘கூட்டம்’? புள்ளிமானின் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். இதன் கொம்பு உதிராது. ஆடு மாட்டுக்கு இருப்பது போல உள்ளே எலும்பு, வெளியே உறை. ஷாஃப்ட் மேல ஸ்லீவ் மாட்டின மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இந்த வகை மிருகங்களைத்தான் ஆங்கிலத்தில் ‘ஆன்டிலோப்’ என்கிறார்கள். விஞ்ஞானப் பெயரில் ‘ஆன்டிலோப்’ என்ற பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது நம்ம மான் ஒன்றுதான். முழுப்பெயர் ‘ஆன்டிலோப் செர்விகாப்ரா’. லத்தீனில் ‘செர்வுஸ்’ மான், ‘காப்ரா’ ஆடு. மானா, ஆடா என்ற குழப்பம் அந்தப் பெயரிலேயே தெரிகிறது, பாருங்கள்!

தமிழில் குழப்பமே இல்லை. கொம்பு திருகியிருப்பதால் ‘திருகுமான்’. புல் மேய்வதால் ‘புல்வாய்’. இந்தப் பெயர் தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு. அதில் ஆணுக்கு இரலை, கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிச் சொற்கள்!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பெயர் ‘வெளிமான்’. வரையில், அதாவது மலையில், வாழ்வது வரையாடு. திறந்த வெளியில் வாழ்வது வெளிமான். பெயரே முகவரி.

இந்த மானுக்குக் கண்ணும் காலும்தான் ஆயுதம். எதிரியைத் தூரத்திலேயே பார்க்கணும், தடையில்லாமல் ஓடணும். அதற்கு வெட்டவெளி வேண்டும். நாமோ அந்த இடத்தைப் ‘பொட்டல்’, ‘தரிசு’ என்று சொல்லி, கட்டடம் கட்டுகிறோம். இல்லையென்றால் மரம் நடுகிறோம். மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் புல்வெளியை மரமும் புதரும் மூடிவிட்டால் புல்வாய்க்குப் புல் ஏது? இந்த மானுக்காகவே 1967-ல் சரணாலயமான கோடியக்கரையில், சீமைக்கருவேலம் பரவிப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த மானை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. வேட்டையாடினால் ஜெயில்! ஆனால் அது வாழும் வெளி போய்விட்டால், துப்பாக்கியே இல்லாமல் மானும் போய்விடும்.

அதனால் நண்பர்களே, கிண்டிக்குப் போனால் “அதோ மான்!” என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். “வெளிமான்” என்று சொல்லுங்கள். கூட வரும் தம்பி தங்கை “ஏன் அந்தப் பெயர்?” என்று கேட்டால், அந்த வெட்டவெளியைக் கை காட்டுங்கள்!