கூடையும் சேர்ந்து சுற்றினால் என்ன?

தை மாதம் வீராணம் பாசனத்தில் சம்பா அறுவடை. சேத்தியாத்தோப்பு வயல்களில் செயின் அறுவடை வண்டிகள் இறங்கிவிடும். ஆனால் காலைப் பனியில் அறுத்தால் வைக்கோலோடு நெல்லும் பின்னால் போகிறதே, ஏன்?

வண்டிக்குள் உருளை சுற்றுகிறது. அதன் அடியில் அசையாமல் நிற்கும் வளைந்த கம்பிக்கூடைதான் கான்கேவ். இரண்டுக்கும் நடுவே கதிர் உரசி நெல் உதிர்ந்து, கூடையின் சந்துகளில் கீழே விழ வேண்டும். ஈர வைக்கோல் அந்தச் சந்துகளை மூடிவிடும். வழியில்லாத நெல் மீண்டும் மீண்டும் அடிபட்டு உடைகிறது. மிச்சம் வைக்கோலோடு வெளியேறுகிறது.

அமெரிக்காவின் கான்சாஸில் உருவான 'பை-ரோட்டார்' இயந்திரம் இதற்கு வேறு வழி தேடியது: உருளையை முழுதாகச் சூழ்ந்த கூடையையும் சுழலவிடுவது. துணி துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் பிழியப்படுவதுபோல, மையவிலக்கு விசை நெல்லை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். கீழ்ப்பக்கம் மட்டும் வேலை செய்யும் நிலை மாறுகிறது. வைக்கோலும் ஒரே இடத்தில் படியாது.

அப்படியானால் இது நம் வயலுக்கு ஒத்துவருமா? பெரிய கூடையைச் சுழற்ற பேரிங்குகள், தனி இயக்கம், கூடுதல் எடை வேண்டும். சேற்றில் இறங்கும் வண்டிக்கு எடைதான் முதல் எதிரி. நம் சிறு வயல்களுக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். அதனாலும் பனி காய்ந்தபின் அறுங்கள். உருளை வேகத்தையும் கான்கேவ் இடைவெளியையும் சரிபார்க்கச் சொல்லி ஓட்டுநரிடம் கேளுங்கள்.