இடுப்பு வலி: ஸ்கேன் எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஜும்ஆ முடிந்ததும் லாரி ஓட்டும் சகோதரர் ஒருவர் ஸ்கேன் உறையோடு வந்தார். "ஹஜ்ரத், டிஸ்க் பிதுங்கியிருக்காம். இனிமே நாற்காலியிலதான் தொழணுமா?" என்று கேட்டார். "டாக்டர் உங்களைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்தாரா?" என்று கேட்டேன். "இல்லைங்க, வலி தாங்காம நானே போய் ஸ்கேன் எடுத்துட்டேன்" என்றார்.

லாரி, ரிக் வண்டி, விசைத்தறி என்று பிழைக்கும் நம் சேலம், நாமக்கல் பகுதியில் இடுப்பு வலி இல்லாத வீடு குறைவு. மணிக்கணக்கில் உட்காருவதும், வண்டியின் அதிர்வும், குனிந்து பாரம் தூக்குவதும் முதுகைப் பாதிக்கின்றன.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருப்பதுதான் டிஸ்க். அதன் வெளிப்புறம் கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல்லி போன்ற பகுதி. வளையம் கிழிந்தால் உள்ளிருப்பது பிதுங்கி நரம்பை அழுத்தலாம். பிதுங்கிய டிஸ்க்தான் கால் வலிக்குக் காரணம் என்பதை 1934-ல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் எடுத்துக்காட்டினர்.

ஆனால் எல்லா இடுப்பு வலியும் டிஸ்க் வலி அல்ல. தசைப் பிடிப்பால் வருவதும் நிறைய. டிஸ்க்கிலிருந்தே வரும் வலி பெரும்பாலும் உட்கார்ந்தால், குனிந்தால் கூடும். நரம்பு அழுத்தப்பட்டால் வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும். இருமினால், தும்மினால் சுரீர் என்று இழுக்கும். பாதம் மரத்துப்போகும்.

எனவே ருகூஃவில் வலிக்கிறதா, அத்தஹிய்யாத் இருப்பில் வலிக்கிறதா, எழுந்து நிற்கும்போது வலிக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது பெரிய உதவி.

அவர் உங்களை மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார். 30 முதல் 70 பாகைக்குள் வலி காலில் மின்னல் போல் இறங்கினால் நரம்பு அழுத்தம் இருக்கலாம். குதிகாலில் நடக்கச் சொல்வார், முன்பாதத்தில் நிற்கச் சொல்வார், உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், டிஸ்க் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் தெரியும். ஆனால் அதில் தெரிவதெல்லாம் நோய் அல்ல. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 50 வயதினரில் 60 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே படமும் உடலின் அறிகுறியும் ஒத்துப்போக வேண்டும். பலருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே குறையும். ஆறு வாரமாகியும் குறையாவிட்டால் ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளுக்கு இடையே மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதுகு வலியோடு காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். அடிபட்டு வந்த வலியையும், புற்றுநோய் வந்தவருக்கு வரும் வலியையும் உடனே காட்ட வேண்டும். இவற்றை எண்ணெய் தேய்த்து நீவிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அந்தச் சகோதரரிடம், "நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு இயலுமா, இயலாதா என்பதை இந்தப் படம் மட்டும் சொல்லாது. முதலில் டாக்டரிடம் உடம்பைக் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தைத் தருவானாக!