பாக்கெட்டில் கிடந்த கேசட்! படுக்கை அறையில் பிறந்த பாட்டு!!

ஒரு கேசட். அதற்கு பிளாஸ்டிக் டப்பா கூட கிடையாது. அதை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு ஆசாமி வாரக்கணக்கில் சுற்றினார். பேண்டைத் துவைக்கப் போட்டிருந்தால் தீர்ந்தது கதை! ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற இசைத்தட்டு அந்தக் கேசட்டில் இருந்துதான் வந்தது.

ஆசாமி யார் தெரியுமா? அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். நியூஜெர்சி மாநிலத்துக்காரர். அப்பா பஸ் டிரைவராகவும் இருந்தவர். அம்மா வக்கீல் ஆபீசில் செக்ரெட்டரி.

1980-ல் வந்த இவருடைய இசைத்தட்டு விற்பனையில் முதல் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை ஊர் ஊராகக் கச்சேரி. பணம், புகழ் எல்லாம் வந்தது. மனசுதான் சரி இல்லை. கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகை வீடு பிடித்து தனியாக உட்கார்ந்துவிட்டார். வயது அப்போது 32.

ஸ்டூடியோவுக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை ஏறும். பாட்டும் தயாராக இருக்காது. "வீட்டிலேயே பிடித்துப் பார்க்க ஒரு மெஷின் வாங்கி வா" என்று தன் கிதார் உதவியாளர் மைக் பாட்லனிடம் சொன்னார். அவர் வாங்கி வந்ததுதான் "டீயாக் 144 போர்ட்டாஸ்டூடியோ". ஜப்பான் தயாரிப்பு. 1979-ல் கடைக்கு வந்தது.

நாலு கோடு ரகசியம்

இந்த மெஷினில் என்ன விசேஷம்? நம் வீட்டுப் பரணில் கிடக்கிறதே, அதே சாதாரண கேசட்தான் இதிலும் ஓடும். அந்த நாடாவில் நாலு கோடுகள் உண்டு. முதல் பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் இரண்டு. இந்த மெஷின் நாலையும் ஒரே திசையில் ஓட்டும். வேகமும் இரட்டிப்பு. வழக்கமாக விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும் நாடா, இதில் 9.5 செ.மீ. ஓடும். அதனால் ஒலி சுத்தமாக விழும். ஆனால் 60 நிமிட கேசட்டில் 15 நிமிடம்தான் பிடிக்கலாம். திருப்பிப் போடவும் வழியில்லை.

குரல் ஒரு கோட்டில், கிதார் ஒரு கோட்டில். அதைக் காதில் கேட்டுக்கொண்டே மூன்றாவதில் இன்னொரு குரல், நாலாவதில் மவுத் ஆர்கன். ஒரே ஆள் நாலு ஆள் ஆகிவிடலாம்! 1967-ல் பீட்டில்ஸ் குழு தங்கள் பிரபல "சார்ஜெண்ட் பெப்பர்" இசைத்தட்டைப் பதிவு செய்ததும் நாலு டிராக் மெஷினில்தான். ஆனால் அது ஸ்டூடியோவில் பீரோ மாதிரி நின்ற சாதனம். இதையோ மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

1982 ஜனவரி 3-ந் தேதி வேலை மும்முரமாக நடந்தது. படுக்கை அறை, இரண்டு மைக், ஒரு நாற்காலி. பாட்லன்தான் பட்டனைத் தட்டியவர். அவரும் ஒலிப்பதிவு நிபுணர் அல்ல. நாலு கோட்டையும் ஒன்றாகச் சேர்த்து இறக்க வேண்டுமே? அதற்கு எதிரொலி தரும் ஒரு பெட்டியையும், ஒரு பழைய பானசோனிக் டேப் ரிக்கார்டரையும் வைத்துக்கொண்டார்கள். அந்த ரிக்கார்டர் முன்பு தண்ணீரில் விழுந்து செத்து, பிறகு தானே உயிர் பெற்றதாம்!

11 கொலைகள்

பாட்டுக்கள் எதைப் பற்றி? இங்கேதான் நம்ம டிபார்ட்மெண்ட் வருகிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற 19 வயது வாலிபன் 11 பேரைக் கொன்றான். 1957 டிசம்பரில் ஒருவர். 1958 ஜனவரியில் சில நாளுக்குள் பத்துப் பேர். கூடவே 14 வயதுப் பெண் கேரில் ஃபுகேட். அவன் 1959 ஜூன் 25-ந் தேதி மின்சார நாற்காலியில் உயிரை விட்டான். அவளுக்கு ஆயுள் தண்டனை. 1976-ல் வெளியே வந்தாள்.

இந்த வழக்கைத் தழுவிய ஒரு சினிமாவை ஸ்பிரிங்ஸ்டீன் பார்த்தார். அதோடு விடவில்லை. வழக்கைப் பற்றி புத்தகம் எழுதிய ஒமாகா டி.வி. பெண் நிருபர் நினெட் பீவருக்கே போன் போட்டு விசாரித்தார். கொலைகாரன் தானே பேசுவது போல பாட்டு எழுதினார். கத்தல் இல்லை, அழுகை இல்லை. பக்கத்து சீட்டில் ஒருத்தன் மெதுவாகச் சொல்வது போல இருக்கும். கேட்டால் முதுகு சில்லிடுகிறது. ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். பார்த்து, எத்தனை பேர் என்று எண்ணி எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறவன் நான். எனக்கே அன்று டீ இறங்கவில்லை.

இன்னொரு பாட்டில் மோட்டார் தொழிற்சாலை மூடி, வேலை போனவன் குடித்துவிட்டு ஒருவனைச் சுட்டுவிடுகிறான். அந்தத் தொழிற்சாலையும் கற்பனை அல்ல. நியூஜெர்சியில் மாவா என்ற ஊரில் இருந்த போர்டு கம்பெனி ஆலை, 1980-ல் மூடப்பட்டது.

பேண்டு தோற்றது

கேசட் வெறும் மாதிரிதான். நியூயார்க் ஸ்டூடியோவில் தன் வாத்தியக் குழுவோடு பாட்டுக்களை மறுபடி பதிவு செய்தார்கள். டிரம்ஸ் அடி தூள்! ஆனால் பாட்டில் இருந்த அந்த ஆள் காணாமல் போய்விட்டான். தனியாகவும் பாடிப் பார்த்தார். சரிவரவில்லை.

கடைசியில் பாக்கெட்டில் இருந்து கேசட்டை எடுத்தார். "இதையே போட்டுவிட்டால் என்ன?" என்றார்.

வந்தது வினை! கேசட்டில் இருந்ததை இசைத்தட்டில் வெட்டப் போனால் சத்தம் எடுபடவில்லை, ஊசி ஓடவில்லை. ஒரு இடம் மாற்றி ஒரு இடமாக அலைந்தார்கள். கேசட்டாக மட்டும் விற்றுவிடலாமா என்ற பேச்சு கூட வந்தது. ஒருவழியாக ஒலி அளவைக் குறைத்து வெட்டியதில் காரியம் முடிந்தது. 1982 செப்டம்பர் 30-ந் தேதி "நெப்ராஸ்கா" கடைக்கு வந்தது. பத்துப் பாட்டு. கரகர சத்தம் உள்பட எல்லாம் அப்படியே. விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம்.

ஆனால் பாடகருக்கு நிம்மதி வரவில்லை. காரில் ஏறி கலிபோர்னியா போனார். அங்கே மனநல டாக்டரிடம் போய் உட்கார்ந்தார். 2016-ல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி இருக்கிறார்.

ஒரு சங்கதி விட்டுப்போச்சு. அதே படுக்கை அறையில் பிடித்த பாட்டுக்களில் "பார்ன் இன் தி யு.எஸ்.ஏ."வும் ஒன்று. அது மட்டும் வாத்தியக் குழு கையில் பட்டதும் எழுந்து நின்றுவிட்டது. 1984-ல் வந்து, உலகம் பூராவும் ஒலித்தது.

தோற்றுப்போனதாக மூட்டை கட்டி வைத்த பேண்டு பதிவுகள் 43 ஆண்டுக்குப் பிறகு, 2025 அக்டோபரில் வெளியாயின. அதே மாதம் இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். என் ஓட்டு கேசட்டுக்கே.