புகழஞ்சலியும் பிளாச்சிமடை மசோதாவும்

புதுதில்லி: கேரளத்தின் மூத்த சோஷலிசத் தலைவர் எம்.பி. வீரேந்திரகுமார் 2020 மே 28-ஆம் தேதி கோழிக்கோட்டில் 83 வயதில் மாரடைப்பால் காலமானபோது, கட்சி வேறுபாடின்றி இரங்கல் செய்திகள் குவிந்தன. எளியோருக்காகக் குரல் கொடுக்க விரும்பியவர் எனப் பிரதமர் நரேந்திர மோடி புகழாரம் சூட்டினார். பொது முடக்கத்துக்கிடையே வயநாட்டில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

பதவியைத் துறக்கத் தயங்காதவர் அவர். 1987-இல் மாநில வனத்துறை அமைச்சரானதும், காட்டு மரங்களை வெட்டக்கூடாது என்பதே அவரது முதல் உத்தரவு. சில நாள்களிலேயே பதவி விலகினார். நிதீஷ்குமார் பாஜகவுடன் கைகோத்ததை எதிர்த்து 2017-இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை உதறினார்.

ஆனால், அவர் துணைநின்ற ஒரு போராட்டத்தின் கணக்கு தில்லியில் தீர்க்கப்படவில்லை. தமிழக எல்லையையொட்டிய பிளாச்சிமடையில் கோககோலா ஆலை நிலத்தடி நீரைப் பாழாக்குவதாகப் பழங்குடியினர் போராடினர். அவரது ஜனதா தளம் நிர்வகித்த பெருமாட்டி ஊராட்சி, 2003-இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004-இல் ஆலை மூடப்பட்டது.

பாதிப்பின் மதிப்பு ரூ.216 கோடி என மாநில அரசின் உயர்நிலைக் குழு 2010-இல் கணக்கிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் கேரளப் பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அது முடங்கியதில் மத்தியில் ஆண்ட இரு அணிகளுக்கும் பங்குண்டு. தலைவரைப் போற்றிய தில்லி, அவர் பரிந்து பேசிய மக்களுக்குச் செவிசாய்க்கவில்லை.