அடைக்கூடையில் ஒரு கொத்து வேப்பிலை

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் கோழியை அடை வைக்கும் வீட்டைப் பாருங்கள். கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்குவதற்கு முன் ஒரு கொத்து வேப்பிலையும் இரண்டு மூன்று காய்ந்த மிளகாயும் வைப்பார்கள். சில வீடுகளில் கரித்துண்டோ இரும்புத்துண்டோ கூடச் சேரும். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், அதற்குத்தான் இரும்பு என்பார்கள். அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் வேப்பிலைக்கு என்ன காரணம் என்று கேட்டால், "பேன் ஏறாது" என்பார்கள். அது அறிவியல் பேச்சு.

அடைக்கோழி 21 நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசரமாய் இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்பிவிடும். வயிற்றுப் பக்கம் சூடு, இருட்டு, அசைவில்லாத இறகு: கோழிப்பேனுக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடையாது. பேன், முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய இரண்டு மூன்று வாரம் போதும். அடைகாலமும் ஏறக்குறைய அதே அளவுதான். குஞ்சு பொரிக்கிற நாளில் தாயோடு ஒரு புதுத் தலைமுறைப் பேனும் குஞ்சுகளை வரவேற்கக் காத்திருக்கும்.

இந்தச் சிக்கலை மனிதருக்கு முன்பே பறவைகள் எதிர்கொண்டிருக்கின்றன. கொல்கத்தாவின் சிட்டுக்குருவிகள் கூட்டுக்குள் வேப்பிலையைக் கொண்டுவந்து பரப்புவதை சென்குப்தா என்ற ஆய்வாளர் 1981இல் எழுதினார். கூடு கட்ட எத்தனையோ இலை இருக்க, குருவி வேம்பைத் தேடிப் போகிறது! அமெரிக்காவில் கிளார்க், மேசன் என்ற இருவர், மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவையை ஆராய்ந்தார்கள். அது காட்டுக் கேரட் போன்ற மணமுள்ள பச்சிலைகளைக் கூட்டில் சேர்க்கிறது. அந்த இலை இல்லாத கூடுகளில் உண்ணிகள் பெருகியிருந்ததை 1980களில் அவர்கள் கண்டார்கள். வல்லத்துப் பாட்டி கூடைக்குள் செருகும் கொத்து இந்த வரிசையில் வருகிறது.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் பசியைக் கெடுக்கும். தோலுரித்து வளர்வதற்கான ஹார்மோனையும் குழப்பும். வளரவேண்டிய பூச்சி பழைய தோலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்தப் பொருள் இலையில் குறைவு, வேப்பங்கொட்டையில்தான் மிகுதி. அதனால் கூடைக்கு இலை போதும் என்றாலும், பேன் ஏறிவிட்ட கோழிக்கு இலை மட்டும் போதாது.

அதற்குக் கோழியே ஒரு வைத்தியம் வைத்திருக்கிறது. நண்பகலில் புழுதியில் பள்ளம் பறித்துப் படுத்து, இறக்கையால் மண்ணை வாரி இறகுக்குள் இறைத்துக்கொள்ளும், பக்கவாட்டில் தேய்க்கும், எழுந்து ஓர் உலுக்கு உலுக்கும். தாயைப் பார்க்காமல் வளர்ந்த குஞ்சும் இதைச் செய்யும். மண்ணே இல்லாத கம்பிக்கூண்டில் அடைபட்ட கோழிகூட வெறும் கம்பிமேல் படுத்து, இல்லாத மண்ணை வாரி இறைப்பதுபோல் அசையும். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. நுண்ணிய புழுதி பூச்சியின் உடலைப் போர்த்திய மெழுகுப் படலத்தைக் கெடுக்கிறது. பூச்சி நீர் வற்றிச் சாகிறது. கலிபோர்னியாவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மணலோடு களிமண் பொடியோ கந்தகமோ கலந்த பெட்டியில் குளித்த கோழிகளின் பேனும் உண்ணியும் ஒரே வாரத்தில் 80 முதல் 100 சதவீதம் குறைந்தன. நம் வீடுகளில் அடுப்புச் சாம்பலைக் கொட்டும் மூலையில் கோழிகள் கூடுவதை இனி வேறு கண்ணால் பார்க்கலாம்.

பேனுக்கு மட்டுமல்ல, நோய்க்குக் கொடுக்கும் வாய்வழி மருந்திலும் நுட்பம் உண்டு. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருண்டையாகக் கொடுக்கும் முறையைத் தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மூலிகை மையமும் பரப்பினார்கள். இதில் பூண்டைக் கவனியுங்கள். முழுப்பல்லில் மருந்து இல்லை. நசுக்கும்போதுதான் தனித்தனி அறைகளில் இருந்த இரண்டு பொருள்கள் கலந்து, நுண்ணுயிர்களைத் தாக்கும் அல்லிசின் பிறக்கிறது. நசுக்காமல் வேகவைத்தால் அந்த வாய்ப்பே போய்விடும். மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகின் பைப்பரின் துணைக்கு வந்தால் மனிதரிடம் இருபது மடங்கு கூடுதலாகச் சேர்வதைப் பெங்களூரில் நடந்த ஆய்வு 1998இல் காட்டியது. அடைக்கூடையில் வைக்கும் மிளகாயின் காரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். மிளகாயின் எரிச்சலை உணரும் புரதம் கோழிக்கும் உண்டு, ஆனால் அது மிளகாய்க்கு அசைந்து கொடுக்காது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தெருவையே காலியாக்கும் வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், மறுவருடம் இமயமலையில் உள்ள ராணிக்கேட்டிலும் அடையாளம் காணப்பட்டதால் அதற்கு இரண்டு ஊர்ப்பெயர்கள். கழுத்து முறுக்கி, பச்சையாய் வெள்ளையாய்க் கழிந்து, இரண்டு மூன்று நாளில் கூண்டே காலியாகும். அந்த நிலையில் உருண்டை கொடுப்பது ஆறுதலுக்குத்தான். ஏழாம் நாள் வாக்கில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் போடும் ஊசியுமே காப்பு.

பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது; ஊசி இலவசம். உங்கள் ஊரில் முகாம் என்று தெரிந்ததும், அன்று விடியலில் கூண்டைத் திறக்காமல் வையுங்கள். மேய்ச்சலுக்குப் போன கோழியைப் பிடித்து ஊசி போட யாராலும் முடியாது.