நிலவில் நீரைக் காட்டிய '18': நிறை நிறமாலைமானியின் அளவுகோல் திருத்தப்படுவது எப்படி?

திருப்பதி மாவட்டம் நாராயணவனத்தில் காய்கறி நிறுக்கும் தராசுக்கும், அதே மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குச் செல்லும் ஆய்வுக் கருவிக்கும் ஒரே விதிதான். எடை தெரிந்த பொருளைக் கொண்டு சோதிக்கப்படாத அளவுகோல் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

2008 அக்டோபர் 22-ஆம் தேதி ஏவப்பட்ட சந்திரயான்-1, நவம்பர் 14-இல் நிலவை நோக்கி ஒரு மோதுகலனை விடுவித்தது. அதிலிருந்த 'சேஸ்' என்ற நிறை நிறமாலைமானி, கீழிறங்கும் வழியில் 18 நிறை அலகில் சமிக்ஞையைப் பதிவு செய்தது. 18 என்பது நீர் மூலக்கூறின் நிறை. அளவுகோல் ஓர் அலகு பிசகி 17 எனக் காட்டியிருந்தால், அதை அம்மோனியா என்றுகூடக் கருத நேர்ந்திருக்கும்.

பிழை எங்கே நுழைகிறது?

இக்கருவி மூலக்கூறுகளை நேரடியாக எடை போடுவதில்லை. எலக்ட்ரான்களால் தாக்கி அவற்றை அயனிகளாக்கி, நான்கு உலோகத் தண்டுகளுக்கு நடுவே செலுத்துகிறது. தண்டுகளில் உள்ள மின்னழுத்தத்துக்கு ஏற்ப, குறிப்பிட்ட நிறை-மின்னூட்ட விகிதம் கொண்ட அயனிகள் மட்டுமே உணரியை அடைகின்றன. எந்த மின்னழுத்தம் எந்த நிறையைக் குறிக்கும் என்று வரையறுப்பதே அளவுத்திருத்தம். வெப்பநிலை மாற்றம், மின்னணுப் பாகங்களின் தேய்மானம், அயனி மூலத்தில் படியும் அழுக்கு ஆகியவற்றால் இந்தத் தொடர்பு நாளடைவில் விலகிவிடும்.

ஆய்வகத்தில் திருத்தும் முறை

பெர்ஃப்ளூரோட்ரைபியூட்டைலமீன் என்ற சேர்மத்தின் ஆவி சிறிதளவு உள்ளே செலுத்தப்படுகிறது. இச்சேர்மம் சிதைந்து 69, 219, 502 உள்ளிட்ட, முன்பே அறியப்பட்ட நிறைகளில் உச்சங்களைத் தரும். கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வேறுபாடு கணக்கிடப்பட்டுத் திருத்தப்படுகிறது. அளவுகோல் முழுவதும் பிழை ஒரே அளவில் இருக்காது என்பதால் ஒரு புள்ளி மட்டும் போதாது. உச்சங்களின் அகலமும் சரிசெய்யப்பட்ட பின், வேறொரு தெரிந்த பொருளைக் கொண்டு மறுபடியும் சோதிப்பது நல்ல வழக்கம்.

அளவுத்திருத்தம் எல்லாக் குழப்பத்தையும் தீர்த்துவிடாது. நைட்ரஜனின் நிறை 28.006; கார்பன் மோனாக்சைடின் நிறை 27.995. முழு எண்களை மட்டும் பிரித்தறியும் கருவிக்கு இரண்டுமே 28தான். இவற்றைப் பிரித்துக் காண உயர் பகுதிறன் கொண்ட கருவி வேண்டும்.

விண்வெளியில் கூடுதல் சவால்

விண்ணுக்குச் சென்ற கருவியை யாரும் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது. எனவே ஏவுவதற்கு முன்பே வெற்றிட அறையில், தெரிந்த வாயுக்களைக் கொண்டு அது சோதிக்கப்படுகிறது. விண்கலத்திலிருந்தே கசியும் நீராவியையும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். 2019-இல் ஏவப்பட்ட சந்திரயான்-2-இன் 'சேஸ்-2', நிலவைச் சூழ்ந்த மெல்லிய வாயுப் படலத்தில் ஆர்கான்-40 வாயுவை ஆராய்ந்தது. நிலவின் உட்பகுதியில் பொட்டாசியம்-40 சிதைந்து உருவாகும் வாயு அது.

உணவில் பூச்சிக்கொல்லி எச்சம், விளையாட்டு வீரரின் உடலில் ஊக்கமருந்து ஆகியவற்றைக் கண்டறியவும் இதே வகைக் கருவிகள் பயன்படுகின்றன. ஒரு விளைச்சலின் விலையும் ஒரு வீரரின் நற்பெயரும் அந்தத் திரையில் தோன்றும் எண்ணைச் சார்ந்திருப்பதால், சோதனைக்கு முந்தைய இந்தத் திருத்தத்தைத் தவிர்க்க முடியாது.